கந்தோருக்கு எப்போது சொல்வது?

உத்தியோகம் புருட லட்சணம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த சமூகம் எம்முடையது. அவ்வுத்தியோகத்தை விட்டுப் பிறநாடு செல்வதும் இன்று ஒரு லட்சணமாகிவிட்டது. போவது சரியா, இருப்பது சரியா என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுக்கப் போவதில்லை. அதனைப் பட்டிமண்டபத்தார் பார்த்துக்கொள்வர். நாம் எடுத்துக்கொண்ட விடயம் சிறியது. ஆயினும், பயணம் கூடிவரும் வீடு எதுவாயினும் அங்கே இரவுச் சாப்பாட்டின்போது இப்பேச்சு எழாதிருப்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் இச்செய்தியை எந்நாளிற் சொல்வது?

இக்கேள்வி எம்மிடம் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. கல்லூரி ஆசிரியர் என்ற முறையிற் பழைய மாணவர் எம்மைத் தேடி வருவர். ஒருவருக்கு விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டும். இன்னொருவருக்கு நற்சான்றுக் கடிதம் வேண்டும். பத்தாண்டுகளாக முகங்காட்டாத பிள்ளை திடீரென மாம்பழப் பையுடன் படலையைத் திறந்து வந்தால், எம் வீட்டார் உள்ளிருந்தே, "எந்த நாட்டுக்காம்?" என்று கேட்பர். வந்த பிள்ளையும் தேநீரைக் குடித்து முடிக்குமுன், "சேர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கந்தோரிலை இன்னும் தெரியாது" என்று குரலைத் தாழ்த்தும். இவ்வாறாக, மேலதிகாரிகள் அறியாத இரகசியங்கள் பலவற்றுக்கு நாம் காவலாளர் ஆகிவிட்டோம்.

பயணக் கதையை மறைப்பது எம் ஊருக்குப் புதிதன்று. கண்ணூறு, நாவூறு என்று அஞ்சி, கலியாணப் பேச்சையே ஒப்பேறும்வரை மூடி வைப்பவர்கள் நாங்கள். விமானம் ஏறிய பின்னரே அயலாருக்குத் தெரியவேண்டும் என்பது பல வீடுகளின் எழுதாத சட்டம். அயலாரைப் பொறுத்தவரை அதிற் குற்றமொன்றுமில்லை. அயலார் எமக்குச் சம்பளம் தருவதில்லை. கந்தோரின் கதை வேறு.

போர்க்காலத்தில் ஓடியோரை இக்கணக்கிற் சேர்த்தலாகாது. 1983 யூலைக்குப் பின்னரும், அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றவரிடம், "உமது திணைக்களத்துக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தீரா?" என்று கேட்பது அறமாகாது. மலாயாவின் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைதேடி நூறாண்டுக்கு முன் கப்பலேறிய எம் பாட்டன்மார் பலருக்கோ, விட்டுச்செல்ல இங்கே உத்தியோகமே இருக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் புறப்பட்டவருள்ளே வைத்தியரும் பொறியியலாளரும் வங்கி உத்தியோகத்தரும் ஆசிரியரும் பெருந்தொகையினராக இருந்தனர். இருக்கும் கதிரையை விட்டெழுந்து செல்பவர் இவர். ஆகவே, எழும்போது யாருக்குச் சொல்வது, என்றைக்குச் சொல்வது என்ற கேள்வி இவரோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது.

நாம் கண்டவரை, பலர் இடர்ப்படுவதற்குக் காரணம் மூன்று வெவ்வேறு காரியங்களை ஒன்றென மயங்குவதே. போக எண்ணியிருக்கின்றோம் என்று சொல்வது ஒன்று. சேவைக் கடிதம் கேட்பது ஒன்று. விலகற் கடிதம் கொடுப்பது ஒன்று. இவற்றுக்குத் தனித்தனியே காலம் உண்டு. மூன்றையும் ஒரே மூச்சிற் செய்தவரும் கெட்டனர். மூன்றையும் செய்யாமலே விமானம் ஏறியவரும் தமக்கோ பிறருக்கோ கேடு விளைத்தனர்.

கொழும்பிலே தனியார் நிறுவனமொன்றிற் கணக்காளராக இருந்த எம் மாணவர் ஒருவரின் கதையைச் சொல்வோம். கனடாவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு ஆங்கிலப் பரீட்சை எழுதினார். நல்ல புள்ளி வந்தது. அன்று மதியமே கந்தோர் நண்பர்களுக்குப் புரியாணி வாங்கிக் கொடுத்துச் செய்தியையும் பரிமாறிவிட்டார். பரீட்சையிற் சித்தியடைவது விசா அன்று. விண்ணப்பம் அனுப்புவதற்குரிய தகுதிகளுள் அது ஒன்று மாத்திரமே. அதன் பின்னர் விசா கைக்கு வர இரண்டரை ஆண்டுகள் சென்றன. அந்த இரண்டரை ஆண்டும் அவர் "போகப் போகிறவர்" என்ற பெயரோடு அக்கந்தோரில் இருந்தார். புதிய பொறுப்புகள் அவரிடம் வரவில்லை. பயிற்சிக்கு வேறொருவரை அனுப்பினர். அவரிடம் வேலை பழகிய பையன் அவருக்கு மேலதிகாரியானான். முகாமையாளரை நொந்து பயனென்ன? நாளை போகிறவனுக்கு இன்று எதற்குப் பதவியுயர்வு என்று அவர் எண்ணியிருப்பார்.

அம்மாணவரை வேலையிலிருந்து நீக்கியிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். எளிதில் முடியாது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்கக் குற்றம் இன்றி ஒருவரை நீக்குவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். "போக எண்ணுகிறேன்" என்று வாயாற் சொன்னது விலகற் கடிதம் ஆகாது. ஆனால், ஒருவரை மூலையில் இருத்திவைப்பதைத் தடுக்கும் சட்டத்தை எந்தப் பாராளுமன்றமும் இதுவரை இயற்றவில்லை.

அவ்வாறாயின், விசா வரும்வரை வாயே திறவாதிருக்கலாமே என்றால், அதற்கும் இடையூறு உண்டு. கனடாவின் விரைவு நுழைவு முறையில் அழைப்பு வந்ததும் 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்தல் வேண்டும். அதனோடு வேலைசெய்த நிறுவனத்தின் கடிதமும் செல்லவேண்டும். நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளில், எப்போது சேர்ந்தார், என்ன பதவி, செய்யும் கடமைகள் எவை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு என்பன யாவும் எழுதி, மேலதிகாரி கையொப்பமிடல் வேண்டும். "இவர் எமது நிறுவனத்தில் நன்னடத்தையுடன் பணியாற்றுகிறார்" என்ற இரண்டு வரி போதாது. இத்தகைய கடிதத்தைக் கேட்டவுடனேயே, கேட்பவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பது கொடுப்பவருக்கு விளங்கிவிடும்.

இவ்விடத்தில் எம்முடைய கருத்து ஒன்றுண்டு, ஒப்பாதவர் தள்ளிவிடலாம். சேவைக் கடிதம் கேட்பது ஊழியரின் வழக்கமான தேவை. வங்கிக் கடனுக்கும் கேட்பர், மேற்படிப்புக்கும் கேட்பர். காரணத்தை விரித்துரைக்கும் கடன் கேட்பவருக்கு இல்லை. ஆனால், "எதற்காக?" என்று நேரே கேட்டால் பொய் சொல்லுதல் கூடாது. வீட்டுக் கடனுக்கென்று சொல்லிக் கடிதம் வாங்கிய ஒருவரை நாம் அறிவோம். அங்கிருந்து அதே கந்தோருக்குத் தொலைபேசியில் விசாரணை வந்தபோது, வீட்டுக் கதை வெளுத்துப்போயிற்று. "விண்ணப்பம் ஒன்று அனுப்புகின்றேன். முடிவு தெரியப் பல மாதங்கள் செல்லும். நிச்சயமானதும் முதலில் உங்களிடமே சொல்வேன்" என்று உடனடி மேலதிகாரியிடம் மாத்திரம் தனியே சொல்வதே தக்கது. பெரும்பாலான மேலதிகாரிகள் இதனைப் பொறுத்துக்கொள்வர். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கோ விண்ணப்பித்துக்கொண்டுதான் இருப்பர்.

விலகற் கடிதத்தின் காலம் முற்றிலும் வேறு. விசா கையில் இல்லாதபோது அக்கடிதத்திற் கையொப்பமிடுவது, பாலம் கட்டுமுன் தோணியை விற்றது போலாம். முகவர் ஒருவர், "எல்லாம் சரி, அடுத்த மாதம் பறக்கலாம்" என்று சொன்ன வாய்ச்சொல்லை நம்பி, வங்கி வேலையை விட்ட பெண்பிள்ளை ஒருத்தி எம்மிடம் படித்தவள். விசா மறுக்கப்பட்டது. அவள் இருந்த கதிரையில் அதற்குள் வேறொருவர் இருந்தார். இரண்டு ஆண்டு வீட்டிலிருந்து, பின்னர் முன்னதிலும் குறைந்த சம்பளத்துக்கு ஓரிடத்திற் சேர்ந்தாள். இப்போதும் வழியிற் கண்டால் சிரித்துப் பேசுகின்றாள். பயணக் கதையை மாத்திரம் எடுப்பதில்லை.

நாட்டுக்கு நாடு காலக்கணக்கும் மாறுபடும். இங்கிலாந்தின் தொழில் விசாவுக்கு இங்கிருந்து விண்ணப்பித்தால், முடிவு பெரும்பாலும் 3 கிழமைகளில் வந்துவிடும். அங்குள்ள நிறுவனம் தரும் அனுசரணைச் சான்றிதழையோ 3 மாதத்துக்குள் பயன்படுத்திவிடல் வேண்டும். ஆகவே, இங்கே மூன்று மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டிய முகாமையாளர் ஒருவர் விசா வரும்வரை காத்திருந்தால், இரு பக்கத் திகதிகளும் முட்டிக்கொள்ளும். இத்தகையோர் அங்கு வேலை தருபவரிடம், இங்கே இத்தனை நாள் கடமை எனக்கு உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லி, வேலை ஏற்கும் நாளைப் பின்தள்ளிக் கேட்டல் நலம். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறச் செல்வோருக்கு இந்நெருக்கடி பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய மருத்துவப் பரிசோதனை 12 மாதம் செல்லுபடியாகும். விசா வந்த பின்னரும் சில மாதம் கையிலிருப்பதுண்டு. நியமனக் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, முன்னறிவித்தல் ஒரு மாதமா மூன்று மாதமா என்று வாசித்துப் பார்த்தாலே பாதிக் கலக்கம் தீரும். ஆனால், வேலை கிடைத்த அன்று கற்பூரம் காட்டி வைத்த கடிதத்தை அதன் பின்னர் வாசித்தவர் எத்தனை பேர்!

பணக் கணக்கையும் சிறிது பார்த்தல் வேண்டும். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் உரியது. நான்கு ஆண்டும் பத்து மாதமும் முடித்தவர் அவசரப்பட்டு விலகினால் அத்தொகை கைக்கு வராது. ஊழியர் சேமலாப நிதியிலே ஊழியரின் நூற்றுக்கு 8 பங்கும் நிறுவனத்தின் 12 பங்கும் சேர்கின்றன. நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்பவர் 55 வயது வரும்வரை, பெண்ணாயின் 50 வரும்வரை, காத்திராது அதனைப் பெறலாம். ஆனால், தாள்களைப் பூர்த்தி செய்யும்போது பழைய கந்தோரின் உதவி வேண்டியிருக்கும். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தவர் மீண்டும் அக்கதவைத் தட்டவேண்டி வருவது இதனாலேயே.

அரசாங்க உத்தியோகத்தர் நிலைமையில் மறைவுக்கு அதிக இடமில்லை. விடுமுறைக்கு இந்தியா சென்று வருவதற்கே அனுமதி பெறவேண்டியவர் அவர். சொல்லாமற் சென்று கடமைக்கு வராதிருந்தால், தாபன விதிக்கோவையின்படி, வராத அன்றிலிருந்தே பதவியை விட்டகன்றவராகக் கருதப்படுவார். இருபது ஆண்டு சேவையாயினும் ஓய்வூதியக் கனவு அதனோடு கலையும். அரச செலவிலோ சம்பளத்துடன் கூடிய லீவிலோ படிக்கச் சென்றவராயின், எழுதிக் கொடுத்த பிணைமுறி அவருக்குப் பின்னாலேயே செல்லும்; ஒப்பமிட்ட பிணையாளிகளின் வீட்டுக்கும் செல்லும். 2022 யூனில் அரசாங்கம் சுற்றறிக்கையொன்றை வெளியிட்டு, வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்பிய உத்தியோகத்தருக்கு ஓய்வூதியமும் மூப்புரிமையும் பாதிக்காத வகையில் 5 ஆண்டுவரை சம்பளமற்ற லீவு வழங்க முன்வந்தது. சொல்லிவிட்டுப் போக ஒரு வாசல் அன்று திறந்தது. சொல்லாமற் போனவரும் அக்காலத்தில் இருந்தனர் என்பதே எமக்கு விளங்காத புதிர்.

அத்தகைய ஒருவர் எம்மோடு கற்பித்தார். க.பொ.த. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் எடுத்தவர், கெட்டிக்காரர், பிள்ளைகளிடத்து அன்புடையவர். இரண்டாந் தவணை தொடங்கிய திங்கட்கிழமை அவர் வரவில்லை. சுகயீனம் என்று எண்ணினோம். செவ்வாயும் வரவில்லை. கைத்தொலைபேசி அடங்கியிருந்தது. வியாழனன்று மாணவன் ஒருவனே எமக்குச் செய்தி சொன்னான்: சேர் குடும்பத்தோடு போய்விட்டார், வீட்டில் வேறு ஆட்கள் இருக்கின்றனர் என்று. கல்லூரியின் நேரசூசி தயாரிக்கும் பொறுப்பு அப்போது எம்மிடம் இருந்தது. இரசாயனவியல் என்று எழுதிய கட்டங்களை வெறுமையாக்கிக்கொண்டு இருந்தபோது எமக்கு வந்தது கோபமா துயரமா என்று பிரித்தறிய முடியவில்லை.

வசதியுள்ள பிள்ளைகள் அந்தக் கிழமையே வெளியிற் தனியார் வகுப்புகளிற் சேர்ந்துவிட்டனர். எஞ்சியவர் பன்னிருவர். அவருள் ஒருத்தியின் தகப்பனார் கடற்றொழிலாளி. அவள் எம்மிடம் வந்து, "சேர், தை மாதமே சொல்லியிருந்தால் அப்பாவிட்டைக் கேட்டு ரியூசனுக்குப் போயிருப்பன். இப்ப பாதியிலை சேர்க்கமாட்டினமாம்" என்றாள். குறை சொல்லும் குரலிலன்று, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்துக் கல்லூரியிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து உதவினார். பாடத்திட்டம் முடியுமுன் பரீட்சை வந்தது. அவள் இரசாயனவியலிற் சித்தியெய்தவில்லை. மறுமுறை எழுதினாள், அதற்கு ஓராண்டு சென்றது. ஆய்வுகூட அலுமாரித் திறப்பும் அவரோடேயே கடல் கடந்திருந்தது. ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் அது திரும்பி வந்தபோது, பூட்டை உடைத்துப் புதியது போட்டு இரண்டு மாதமாகியிருந்தது.

பின்னொரு நாள் அவர் தொலைபேசியில் எம்மோடு பேசினார். சொன்னால் விடமாட்டார்கள், கடிதத்தை மேசைக்கு மேசை தள்ளி விசாக் காலத்தையே கழித்துவிடுவார்கள் என்று அஞ்சியதாகச் சொன்னார். அந்த அச்சம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். உள்ளதைச் சொல்லி விடை கேட்பவரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் மேலிடம், அடுத்தவருக்குச் சொல்லாமற் போகும் வித்தையைக் கற்பிக்கின்றது. ஆயினும், மேலிடம் வேறு, அந்தப் பன்னிருவர் வேறு. மேலிடத்துக்கு அஞ்சினாலும், உடன் கற்பிக்கும் ஒருவரை அழைத்து, பாடத்தில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமன்றோ? அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

இதனாலேயே, எல்லாருக்கும் பொதுவாக இத்தனை நாள் என்று நாம் சொல்லத் துணிவதில்லை. கணக்காளரின் பேரேடு ஒரு மாதம் பொறுக்கும். நோயாளர் விடுதியில் மாறி மாறிக் கடமை பார்க்கும் தாதிக்கு, அடுத்த கடமைப் பட்டியல் எழுதுமுன்னர் சொல்லவேண்டிய பொறுப்பு உண்டு. பரீட்சை வகுப்பு ஆசிரியருக்கு மாதக்கணக்கு உதவாது. தவணைக் கணக்கே கணக்கு. அவர் விசா வரும்வரை காத்திருத்தல் தமக்கு நன்று, வகுப்புக்கு நன்றன்று. கூடுமாயின் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் புறப்படும்படி நாளைக் குறிப்பதும், கூடாதாயின் அதிபரிடம் மாத்திரம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் தக்கன.

இவ்வாறு பிறருக்கு உரைக்கும் நீர் என்ன செய்தீர் என்று வாசகர் கேட்பின், அதனையும் சொல்லிவிடுவோம். எம் மனைவியார் தாதிய உத்தியோகத்தர். 2022 இன் பிற்பகுதியில் இங்கிலாந்து வைத்தியசாலையொன்றின் நேர்முகப் பரீட்சையில் அவர் தேறினார். நாமும் சம்பளமற்ற லீவிலே உடன் செல்வதென்று பேச்சு. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. எம்மிடம் உயர்தரத் தமிழ் வகுப்பு இருந்தது. நாம் அதிபரிடம் சென்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாஸ்டர், எப்ப எண்டாலும் போங்கோ. ஆனால் ஒரு ஆளைப் பழக்கிப்போட்டுப் போங்கோ" என்றார். புதிதாக நியமனம் பெற்று வந்திருந்த இளம் பட்டதாரி ஆசிரியை ஒருவரை எம் வகுப்பிற் பின்வாங்கில் இருத்தினார். அவர் குறிப்பெடுத்தார், மூன்றாம் மாதத்தில் இலக்கணப் பகுதியைத் தாமே எடுத்தார், நன்றாகவே எடுத்தார்.

2023 தொடக்கத்தில் எம் மாமியார் பாரிசவாதத்தாற் படுக்கையில் விழுந்தார். மனைவியார் பயணத்தைக் கைவிட்டார். இதனையும் அதிபரிடம் சென்று சொன்னோம். அவர் மகிழ்ந்தார், உடனே சங்கடப்பட்டார். இளம் ஆசிரியை அதற்குள் அவ்வகுப்பைத் தம்முடையதாக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் அவரிடம் பழகிவிட்டனர். பாதி வழியில் மீண்டும் ஆளை மாற்றுவதை நாமே விரும்பவில்லை. அந்த ஆண்டு முதல் ஆறாந் தரத்துக்குத் தமிழ் கற்பிக்கின்றோம். உயர்தர வகுப்புக்கு நாம் எழுதி வைத்திருந்த குறிப்புக் கொப்பிகள் ஏழும் இப்போது ஆசிரியையின் அலுமாரியில் இருக்கின்றன. ஐயம் வந்தால் இடைவேளையில் வந்து கேட்பார்.